லண்டன் மாயாவி அணைத்த சூடம்

1

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு எங்கள் தெருவில் ஈ காக்கை நடமாடாது. ஊரில் இருந்து இதைப் படிக்கிற நீங்கள், வெள்ளைக்காரர்கள் அந்நேரம் கனமான புத்தகம் எதையாவது விரித்து வைத்துக்கொண்டு டீ குடிப்பார்கள் என்று நினைத்தால், அந்த நினைப்பை மடித்து வையுங்கள். வீட்டுக்கு வீடு டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்து குஸ்தி பார்க்கிறார்கள். ஜட்டி போட்ட இரண்டு தடியர்கள் ஒருவரை ஒருவர் தூக்கிப் போட்டு மிதிக்க, ஒரு நாடே 'விடாதே, குத்து' என்று கத்துகிறது. நம்மை அத்தனை வருஷம் கட்டி ஆண்டவர்கள் இவர்கள்தானா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

பக்கத்து வீட்டு டோரீன் அம்மாளுக்கு எழுபது வயதுக்கு மேல். பால் பாட்டில் காலில் இடறினால் பாட்டிலிடம் மன்னிப்புக் கேட்கிற ஜாதி. எங்கள் டெலிவிஷன் கொஞ்சம் பெரியது என்பதால் சனிக்கிழமை தவறாமல் கம்பளி நூல் பந்தும் பின்னல் ஊசியுமாக வந்துவிடுவார். வில்லன் மல்லன் திரையில் தலையைக் காட்டியதும் அந்த அம்மாள் முகமே மாறிவிடும். பின்னல் ஊசியை ஓங்கிக்கொண்டு எழுந்து நிற்பார். போன மாதம் என் சோபா மெத்தையில் இரண்டு ஓட்டை.

இந்த வாரத்து வில்லன் 'இமயமலை மகாராஜா'. தலைப்பாகை, நெற்றியில் கண்ணாடிக்கல், நுனி சுருண்ட செருப்பு. தூக்கி எறிந்தபோது அந்த மகாராஜா அலறிய அலறல் அசல் எங்கள் தெருக்கோடி வெள்ளைக்கார மீன்கடைக்காரர் பேசுகிற பேச்சு. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். டோரீன் அம்மாள் என்னைக் கோபமாகப் பார்த்தார்.

அன்றைக்கு எங்களுக்குக் கல்யாண நாள் வேறு. நம் ஊரில் கல்யாணத்தன்று படுகிற பாடே போதும், அதை வருஷா வருஷம் நினைவுபடுத்திக்கொள்ளும் தைரியம் யாருக்கு இருக்கிறது? இங்கே அதற்கு வாழ்த்து அட்டை உண்டு. டோரீன் அம்மாள் இதயம் போட்ட அட்டை ஒன்றைக் கொடுத்துவிட்டு, "உங்களுடையது பெரியவர்கள் பேசி முடித்த கல்யாணமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "ஐயோ பாவம், அப்படியானால் நிஜமான காதல் இல்லையே" என்று என் கையைத் தட்டிக் கொடுத்தார். கொடுத்துவிட்டுத் திரையில் அடிவாங்கிய நல்ல மல்லனுக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்னுடையது பொய்யாம், அவன் அடி வாங்கியது நிஜமாம். தலையில் அடித்துக்கொள்ளத்தான் தோன்றியது.

அப்போதுதான் என் மகன் குமார் கதவை உடைப்பதுபோல் தள்ளிக்கொண்டு வந்தான். இங்கே ஆரம்பப் பள்ளியில் படிக்கிறான். வீட்டில் தமிழ் பேசு என்று நான் தொண்டை வற்றக் கத்தியதில் ஒரு மாதிரித் தமிழ் பேசுவான். அதில் மனிதர், மாடு, பஸ் எல்லாம் ஒன்றுதான்.

"அம்மா, குஸ்தி எல்லாம் பொய். ஸ்டீவன் சொல்லுது. அவன் அப்பாவும் சொல்லுது. முன்னாடியே பேசி வச்சுச் சண்டை போடுது. நான் நிஜம்னு சொல்லிச் சத்தியம் பண்ணினேன். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்குது."

அழுகையை அடக்கிக்கொண்டு அப்பாவிடம் போய் நின்றான். "அப்பா, நீ சொல்லு. நிஜமா, பொய்யா? திங்கக்கிழமை நான் ஸ்கூலுக்குப் போகணும்."

என் வீட்டுக்காரர் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார். முகத்தை மறைப்பதில் அவருக்குப் பழைய அனுபவம் உண்டு.

2

சொல்லிவிடுகிறேன். இப்போது இந்த ஊர் மில்லில் பஞ்சுத் தூசிக்குள் நின்று இருமுகிற என் வீட்டுக்காரர் செல்லையா ஒரு காலத்தில் முகமூடி மல்லர். நோட்டீஸில் அவர் பெயர் 'லண்டன் மாயாவி'. சொந்த ஊர் பரளச்சி. லண்டனை அவர் அப்போது படத்தில்கூடப் பார்த்ததில்லை.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. எங்கள் அப்பாவுக்கு அருப்புக்கோட்டையில் நூல் கடை. செல்லையா என் தாய்மாமன் மகன், நான் தொட்டிலில் கிடக்கும்போதே பேசி வைத்த மாப்பிள்ளை. மழை பெய்தால் மிளகாய், பெய்யாவிட்டால் வெடித்த கரிசல் என்று கிடந்த ஊரில் இருந்து பிழைக்கப் பம்பாய் போனவர், ஒரு மில்லில் சூப்பர்வைசர் ஆகிவிட்டதாகச் சொல்லியனுப்பினார். எல்லோரும் நம்பினோம். உண்மையில் மில் வாசலில் லோடு தூக்கிக்கொண்டிருந்தவரின் தோளைப் பார்த்து, ஊர் ஊராகக் கோதா கட்டுகிற ஒரு குஸ்திக் கம்பெனி முதலாளி அவரைக் கூட்டிப் போயிருக்கிறான்.

எங்கள் அப்பா குஸ்திப் பைத்தியம். விருதுநகரில் குஸ்தி என்றால் கடையைச் சித்தப்பாவிடம் விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் ஏறிவிடுவார். ஆனால் மாப்பிள்ளை விஷயத்தில் மட்டும் கறார். "பயில்வானுக்கு மாலை போடுவேன், பொண்ணு குடுக்க மாட்டேன். செல்லையா மாதிரி நெலையான உத்தியோகத்துல இருக்கவனுக்குத்தான் எம் மக" என்பார். எங்கள் வீட்டில் அப்பா சொன்னால் சொன்னதுதான்.

அந்தக் கம்பெனி கடைசியில் எங்கள் ஊருக்கே வந்தது. சந்தை கூடுகிற பொட்டலில் கோதா கட்டினார்கள். மாட்டு வண்டியில் தப்பு அடித்து நோட்டீஸ் வீசினார்கள். ஒரு பக்கம் வடநாட்டு வீரர் மின்னல் சிங். இன்னொரு பக்கம், இதுவரை யாரும் முகம் பார்த்திராத, மனிதப் பாஷை பேசாத லண்டன் மாயாவி. ஒரு வாரம் சண்டை. கடைசி நாள் தோற்கிறவருக்குத் தண்டனை உண்டு. மாயாவி தோற்றால் முகமூடி பொதுமக்கள் முன்னிலையில் கழற்றப்படும்.

முதல் நாளே ஊர் இரண்டாகப் பிளந்தது. அப்பா நிசம் கட்சித் தலைவர். ஒரே கடையில் பக்கத்தில் உட்கார்ந்து வியாபாரம் பார்க்கிற சித்தப்பா டூப்புக் கட்சித் தலைவர். நூல் வாங்க வந்தவர்களிடம் அப்பா, "நிசந்தானப்பா?" என்று கேட்டு, அவர்கள் தலையாட்டினால்தான் தராசைத் தொட்டார். சலூனில் ஒருவர் பாதிச் சவரத்தில் 'டூப்பு' என்று சொல்லிவிட, கத்தியை மடித்து வைத்துவிட்டாராம் நிசம் கட்சி நாவிதர். மீதிப் பாதிக்கு அந்த ஆள் பாலவனத்தம் வரை போக வேண்டியிருந்தது.

3

பெண்களுக்குக் கோதா பக்கத்திலேயே மூங்கில் தடுப்பு கட்டிப் பாய் விரித்திருந்தார்கள். அப்பா மாலை போடுகிற பெரிய மனிதர் என்பதால் எனக்கும் என் தோழி பவளத்துக்கும் முன்னால் இடம். மாயாவி உறுமிக்கொண்டு வந்தான். கறுப்பு முகமூடியில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை, வாய்க்கு ஒரு ஓட்டை. பிள்ளைகள் வீறிட்டன. மின்னல் சிங் அவனைத் தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றி, எங்கள் பக்கத்துக் கயிற்றின் மேல் எறிந்தார்.

விழுந்த மாயாவி, "யாத்தே!" என்றான்.

கூட்டத்தின் இரைச்சலில் வேறு யாருக்கும் கேட்கவில்லை. பவளம் மட்டும் என் தொடையைக் கிள்ளி, "ஏடி, லண்டன்லயும் யாத்தேன்னுதான் கத்துவாகளா?" என்றாள். அந்தக் குரலை எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் பரளச்சிக் கண்மாயில் கால் வழுக்கினாலும், வேலிக் கருவை முள் குத்தினாலும், கேட்ட குரல் அல்லவா அது.

மறுநாள் மத்தியானம் மாயாவி, முகமூடி இல்லாமல், கையில் பம்பாய் அல்வாவோடு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்.

"லீவுல வந்தேன் மாமா."

"வாங்க மாப்ள. நல்ல நேரத்துலதான் வந்திருக்கீக. நம்ம ஊர்ல குஸ்தி நடக்குது. லண்டன் மாயாவின்னு ஒருத்தன். என்ன ஒடம்புங்கிறீக! நீங்களும் இருக்கீகளே, பம்பாய்த் தண்ணி குடிச்சு என்ன புண்ணியம்? அவன் கையில கால்வாசி வருமா ஒங்க கையி?"

"வராது மாமா" என்று இலையைப் பார்த்தே சொன்னார் அந்தக் கைக்குச் சொந்தக்காரர்.

"இன்னைக்கு என்கூட வாங்க, முன்வரிசையில ஒக்காந்து பாப்போம்."

"சாயங்காலம் ஒரு சோலி இருக்கு மாமா."

கை கழுவக் கொல்லைப்பக்கம் வந்தவரை மடக்கினேன். "மச்சான், லண்டன்ல அடிபட்டா யாத்தேன்னுதான் கத்தணுமோ?"

கையில் இருந்த செம்பு கீழே விழுந்து உருண்டது. "கோமதி, ஒங்கப்பாருகிட்டச் சொல்லிறாத. ஒன் காலுல விழுறேன்."

"நல்லாத்தான் விழுவீக. நேத்துப் பாத்தேனே."

சிரிக்கத்தான் சொன்னேன். ஆனால் சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினார். தோல் உரிந்து ரத்தம் கட்டிக் கிடந்தது. எனக்குச் சிரிப்பு போய்விட்டது. "எல்லாம் டூப்புங்கிறாகளே, அப்ப இதென்ன?" என்றேன்.

"விழுறது நிசம் கோமதி. செயிக்கிறதுதான் டூப்பு."

கடைசி நாள் அவர் தோற்க வேண்டும் என்பது முதலாளியின் ஏற்பாடு. மற்ற ஊர்களில் முகமூடியைக் கழற்றிக் காட்டியிருக்கிறார். அங்கே அவரை யாருக்குத் தெரியும்? இங்கே கழற்றினால் முன்வரிசையில் அப்பா. "இது என் சீமைன்னு மொதலாளிகிட்டச் சொன்னா, அதையும் சேத்து நோட்டீசு அடிச்சிருவான். சொல்லாமலே ஓடுனா, ஆளத் தேடி நேரா பரளச்சிக்கு வருவான். ரெண்டுல எது நடந்தாலும் ஒங்கப்பாரு என்னைய வாசல்ல ஏத்த மாட்டாரு."

நான் அழுதுவிட்டேன். டோரீன் அம்மாளுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. பேசி முடித்ததோ, பேசாமல் முடித்ததோ, எனக்கு அந்த ஆள்தான் வேண்டும் என்று இருந்தது. வேறு ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து தாலி கட்டுவதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதற்குக் காதல் என்று பெயர் வைக்க எங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

4

கடைசி நாள் காலையில் கடையில் அப்பாவும் சித்தப்பாவும் அடித்துக்கொள்ளாத குறை. விலக்கிவிட வந்தவர்களும் கட்சி சேர்ந்துவிட்டார்கள். கடைசியில் சித்தப்பாதான் சொன்னார்: "பேசி என்ன ஆகப் போகுது? ரெண்டு பயில்வானும் கருப்பசாமி முன்னால சூடத்த அணைக்கட்டும். நிசம்னு சத்தியம் பண்ணட்டும். நான் ஒத்துக்கிறேன்."

எங்கள் பக்கத்தில் ஆடு திருடு போனாலும், வரப்பு நகர்ந்தாலும், முடிவு காண இதுதான் வழி. சாமி முன்னால் சூடத்தை ஏற்றி, சொல்ல வேண்டியதைச் சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். கோர்ட்டில் கூசாமல் பொய் சொல்கிறவனுக்குக்கூட அந்தச் சூடத்தின் முன்னால் தொடை நடுங்கும். பொய் சொன்னவன் வீட்டில் விளக்கு எரியாது என்பது சீமை முழுக்க நம்பிக்கை. உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனாவது குஸ்தி நிசமா என்று கருப்பசாமியைக் கேட்டிருப்பானா? நாங்கள் கேட்டோம்.

முதலாளிக்கு வாயெல்லாம் பல். ஓசி விளம்பரம் அல்லவா. இரண்டு மல்லர்களையும் வண்டியில் ஏற்றி, மேளம் கொட்டி, கண்மாய்க்கரைக் கோயிலுக்குக் கூட்டி வந்தான். டூப்புக் கட்சியில் ஒருவர் சட்டம் பேசினார்: "மாயாவிக்குத் தமிழ் தெரியாதே. இங்கிலீசுல சத்தியம் பண்ணா செல்லுமா?" பூசாரிக்குக் கோபம் வந்துவிட்டது. "கருப்பனுக்குத் தெரியாத பாசையாலே? நீ சும்மா கெட."

மின்னல் சிங் முதலில் வந்தார். அது அவருக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்துவிட்டார் போலும். சிரித்துக்கொண்டே சூடத்தை அணைத்துவிட்டு, இன்னொரு கையாலும் அணைக்கவா என்று சைகையில் கேட்டார். அவருக்கென்ன, அவர் சாமி வேறு எங்கோ இருந்தது.

அடுத்து மாயாவி. பூசாரி உரக்கச் சொன்னார்: "இன்னைக்குச் சாயங்காலம் நான் போடுற சண்டை நிசமான சண்டை. இல்லையின்னா கருப்பன் என்னையக் கேக்கட்டும்." மாயாவி நின்றான். சூடம் எரிந்துகொண்டே இருந்தது. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். பிறகு, யாரும் எதிர்பார்க்கவில்லை, முகமூடியோடு சேர்த்துக் கன்னத்தில் படபடவென்று போட்டுக்கொண்டான்.

"பாத்தியாலே! லண்டன்காரனே கன்னத்துல போட்டுக்கிறான்! கருப்பன்னா சும்மாவா!" என்று கூட்டம் ஆர்ப்பரித்தது. அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கன்னம் பரளச்சிக் கன்னம் என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை.

உள்ளங்கை 'சட்' என்று விழுந்தது. சூடம் அணைந்தது. எனக்குப் பகீர் என்றது. ஊர் ஊராகக் காதில் பூ சுற்றுகிற மனிதர்தான், ஆனால் கருப்பன் அவர்கள் குலசாமி. சாமியிடம் சொன்னதை அவர் மீற மாட்டார். ஆக, சாயங்காலம் நிஜமாகச் சண்டை போடப் போகிறார். அது மின்னல் சிங்குக்குத் தெரியாது, முதலாளிக்கும் தெரியாது.

5

நிஜமான சண்டையை நீங்கள் யாராவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். மகா அறுவை.

மணி அடித்ததும் மின்னல் சிங் வழக்கம்போல் கையை விரித்து, பறந்து வர இடம் விட்டு நின்றார். மாயாவி பறக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு போய் அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்தான், அவ்வளவுதான். லோடு தூக்கிய கை. சிங் முதலில் சிரித்தார். அப்புறம் காதோரம் ஏதோ இந்தியில் கேட்டார். அப்புறம் கத்தினார். இரண்டு பேரும் மூட்டை சரிவதுபோல் சரிந்தார்கள். மாயாவி மேலே, சிங் கீழே. அதற்கப்புறம் ஒன்றுமே நடக்கவில்லை. இவர் அமுக்க, அவர் திமிற, இரண்டு பேர் மூச்சும் புஸ் புஸ் என்று கேட்டது. தூக்கி எறிதல் இல்லை, சுழற்றல் இல்லை, உறுமல்கூட இல்லை.

கூட்டம் கொஞ்ச நேரம் பொறுத்தது. பிறகு ஒருவன், "ஏலே, என்னலே கட்டிப் புடிச்சுத் தூங்குறீக?" என்றான். இன்னொருவன், "பாயி தலகாணி கொண்டாரவா?" என்றான். நடுவர் வேஷம் கட்டிய கம்பெனிக்காரர் கையைப் பிசைந்துகொண்டு முதலாளியைப் பார்த்தார். இப்படி நடக்கும் என்று யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. கடைசியில் மின்னல் சிங், ஆள விடுங்கடா என்கிற மாதிரி தரையைப் பட் பட் என்று தட்டினார். மாயாவி ஜெயித்துவிட்டான். முகமூடி தப்பியது. நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

அந்த நேரத்தில் பொட்டலே எழுந்து நின்று ஒரே குரலில் கத்தியது.

"டூப்பு! டூப்பு!"

ஒரு வாரம் கயிற்றின் மேல் பறந்து விழுந்ததையெல்லாம் நிஜம் என்று சூடம் வரைக்கும் போன ஊர், ஒரே ஒரு நிஜச் சண்டையைப் பார்த்ததும் டூப்பு என்றது. பிளந்து கிடந்த இரண்டு கட்சியும் அங்கேயே ஒன்று சேர்ந்தது. சித்தப்பா நாற்காலியை எறிய, அதை எடுத்துக் கொடுத்ததே அப்பாதான். "கருப்பன் முன்னால பொய்ச் சத்தியம் பண்ணிட்டானே பாவிப்பய! வெளங்குவானா?" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். அவ்வளவு வேதனையை நான் அப்பா முகத்தில் பார்த்ததில்லை. அந்த ஊரிலேயே அன்றைக்குச் சத்தியத்தைக் காப்பாற்றியவர் ஒரே ஒருவர்தான், அவர் செருப்படிக்குப் பயந்து பருத்திக் கிடங்குப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்.

நாங்கள் வீடு வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்தில் செல்லையா வந்தார். உதடு வீங்கியிருந்தது.

"என்ன மாப்ள இது?"

"பஸ்ஸுல எறங்கும்போது விழுந்துட்டேன் மாமா. குஸ்தி எப்படி இருந்துச்சு?"

சண்டைக்குத்தான் சத்தியம் செய்திருந்தார், பஸ்ஸுக்கு இல்லை. அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அதக் கேக்காதீக. எல்லாம் பிராடு. ஒங்கள மாதிரி ஒழைச்சுச் சம்பாதிக்கிற ஆளுகதான் மாப்ள நிசம். இந்த ஆவணியிலயே கல்யாணத்த முடிச்சுருவோம். இனிமே பம்பாய்க்கும் போக வேண்டாம், கடையிலயே ஒக்காருங்க."

கம்பெனி முதலாளி அடிக்குப் பயந்து அன்றிரவே கோதாவைப் பிரித்துக்கொண்டு ஓடியவன், அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. செல்லையா இல்லாத மில் வேலையை ராஜினாமா செய்துவிட்டு எங்கள் கடையில் உட்கார்ந்தார். சில வருஷம் கழித்து இங்கே உள்ள மில்லுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கிளம்பியபோது, அப்பா பஸ் ஸ்டாண்டு வரை வந்து சொன்ன புத்திமதி இன்னும் என் காதில் இருக்கிறது. "போற எடத்துல லண்டன்காரன நம்பிறாதீக மாப்ள. நான் ஒருத்தனப் பாத்திருக்கேன்." அப்பா சாகிற வரை அவருக்கு உண்மை தெரியாது.

6

அவர் முன்னால் வந்துவிட்டார். கைக்குழந்தை குமாரோடு நான் பின்னால் வருவதற்கு ஒரு அனுமதி வேண்டியிருந்தது. மதராஸில் ஒரு ஆபீஸில் என்னை உட்கார வைத்து, என் கல்யாணம் நிஜமா பொய்யா என்று விசாரித்தார்கள். ஆமாம், அதையேதான் கேட்டார்கள். மடியில் பிள்ளை, கழுத்தில் தாலி. எதிரே ஒரு வெள்ளைக்கார அதிகாரி, பக்கத்தில் மொழிபெயர்க்க நம் ஆள் ஒருவர்.

"கல்யாணத்துக்கு முன்னால் உன் கணவரை எங்கே பார்த்தாய்?"

எனக்குப் பொய் வராது. "குஸ்திக் கோதாவில் பார்த்தேன். முகமூடி போட்டிருந்தார். ஊரே அடிக்கத் துரத்தியது" என்றேன்.

மொழிபெயர்ப்பாளர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மொழிபெயர்த்தார். அதிகாரி பேனாவை மூடினார். இங்கே என் வீட்டுக்காரரைக் கேட்டபோது அவர், "மாமா வீட்டில் சாப்பிடும்போது பார்த்தேன்" என்று சொல்லியிருக்கிறார். இரண்டும் உண்மை. இரண்டும் ஒத்துப்போகவில்லை. ஆகவே எங்கள் கல்யாணம் டூப்பு என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வாசல் வரை வந்த மொழிபெயர்ப்பாளர் மெதுவாகச் சொன்னார்: "நடந்ததச் சொல்லாதீங்கம்மா. அவங்க என்ன எதிர்பார்க்குறாங்களோ அதச் சொல்லுங்க."

அடுத்த தடவை தலையைக் குனிந்துகொண்டு போனேன். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள், நான் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு காப்பி கொடுத்தேன், ஓரக்கண்ணால் ஒரு தடவை பார்த்தேன், வெட்கம் வந்தது என்றேன். மாமன் மகனை யாராவது புதிதாகப் பெண் பார்க்க அழைப்பார்களா? அதிகாரிக்கு முகமெல்லாம் மலர்ச்சி. முத்திரையை ஓங்கிக் குத்தினார். இந்த நாட்டுக்குள் நான் நுழைந்ததே ஒரு நல்ல டூப்புச் சண்டை போட்டுத்தான்.

7

சனிக்கிழமைக்கு வருகிறேன். குமார் நகரவில்லை. "அப்பா, சொல்லு" என்று பேப்பரைப் பிடித்து இழுத்தான்.

என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்தார். என்னைப் பார்த்தார். சொல்லட்டுமா என்று கண்ணால் கேட்டார். சொல்லுங்கள் என்றேன். இந்த ஊரில் பிள்ளைக்கு அப்பா என்றால் பஞ்சு ஒட்டிய கோட்டு, இருமல், பஸ் கண்டக்டர் முதல் வாத்தியார் வரை எல்லாரிடமும் 'சாரி' சொல்கிற ஒரு ஆள். பள்ளிக்கூடத்துக்குத் தன்னைக் கூட்டிப் போக அப்பா வர வேண்டாம் என்று போன மாதம்தான் சொல்லியிருந்தான். அதை அவர் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

"எல்லாம் பேசி வச்சுத்தான் சண்டை போடுவாக குமாரு" என்று ஆரம்பித்தார். "எனக்குத் தெரியும். நானும் போட்டுருக்கேன். முகமூடி மாட்டிக்கிட்டு, லண்டன் மாயாவின்னு. ஆனா ஒரே ஒரு தடவை நிசமாச் சண்டை போட்டேன். செயிச்சேன்."

குமார் அவர் தொப்பையைப் பார்த்தான். கண்ணாடியைப் பார்த்தான்.

"கோமதி, சூடம் இருக்கா?"

ஊரில் இருந்து பார்சலில் வந்த சூடம் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. அது வந்த அன்று சுங்க ஆபீஸில் என்னைக் கூப்பிட்டு, இந்த வெள்ளைக் கட்டியை எந்த வியாதிக்குச் சாப்பிடுவீர்கள் என்று கேட்டது வேறு கதை. தட்டில் வைத்து ஏற்றினேன். டோரீன் அம்மாள் தீயணைப்புக்குச் சொல்லட்டுமா என்று எழுந்துவிட்டார். என் வீட்டுக்காரர் உள்ளங்கையால் அடித்து அணைத்தார். "கருப்பன் சத்தியமா, நான் போட்டது நிசமான சண்டை."

குமார் புகையை விலக்கிக்கொண்டு அப்பா முகத்தை உற்றுப் பார்த்தான்.

"பொய்" என்றான். "நீ பொய் சொல்லுது அப்பா."

அருப்புக்கோட்டைப் பொட்டலில் கேட்ட அதே சத்தம். அவர் முகம் தொங்கிப் போவதைப் பார்த்தேன். அன்றைக்காவது முகமூடி இருந்தது.

பிறகு எழுந்தார். டீ மேசையை ஓரமாகத் தள்ளினார். கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். தொடையில் ஒரு தட்டுத் தட்டி, கையை வளைத்து உறுமினார் பாருங்கள், டோரீன் அம்மாள் கையில் இருந்த நூல் பந்து உருண்டு ஓடியது.

"குமாரு, வா. என் நெஞ்சுல ஒரே ஒரு தள்ளு."

குமார் சந்தேகத்தோடு வந்து, ஒற்றை விரலால் தொட்டான். அவ்வளவுதான். சுவரே இடிந்து மேலே விழுந்ததுபோல் என் வீட்டுக்காரர் பின்னால் பறந்தார். சோபாக் கைப்பிடியில் குட்டிக்கரணம் அடித்து, கம்பளத்தில் முதுகு பட விழுந்து, உள்ளங்கையால் தரையை அறைந்து, வீடே அதிர, "யாத்தே!" என்று அலறினார். கண்ணைச் செருகிக்கொண்டார். கையெடுத்துக் கும்பிட்டு உயிர்ப்பிச்சை கேட்டார். டோரீன் அம்மாள் பின்னல் ஊசியோடு சோபா மேல் ஏறி நின்று, "விடாதே குமார், மேலே உட்கார், எண்ணு!" என்று கத்தினார்.

குமார் அப்பா நெஞ்சில் உட்கார்ந்து எண்ணினான். டோரீன் அம்மாள் அவன் கையைத் தூக்கிப் பிடித்தார். பிள்ளையின் கண் இரண்டும் விளக்குப் போட்டதுபோல் ஆகிவிட்டது.

"அப்பா! நீங்க நிஜமாவே லண்டன் மாயாவிதான்! திங்கக்கிழமை என்கூட ஸ்கூலுக்கு வாங்க. ஸ்டீவன்கிட்டக் காட்டணும்."

'நீங்க' என்று அவன் அப்பாவைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அத்தனை வருஷம் நான் தொண்டை கிழியக் கத்தி வராதது, ஒரு டூப்பு விழுதலில் வந்துவிட்டது. அழுவதா சிரிப்பதா தெரியாமல் நின்றேன்.

டோரீன் அம்மாள் இவ்வளவு நல்ல கல்யாண நாள் தன் ஆயுளில் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். கதவைச் சாத்திவிட்டு வந்தால், என் வீட்டுக்காரர் இன்னும் கம்பளத்திலேயே கிடந்தார். முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் வேர்வை.

"கோமதி, தூக்கி விடு. இடுப்புப் புடிச்சுக்கிருச்சு. அசைய முடியல."

பதறிப்போய்த் தைலத்தை எடுக்க ஓடினேன். குமார் என் கையைப் பிடித்து நிறுத்தி, எல்லாம் தெரிந்தவன் மாதிரி கண்ணைச் சிமிட்டினான்.

"பயப்படாதீங்க அம்மா. அப்பா நடிக்கிறாங்க."